இணைப்பில் வந்த தமிழ் கிறுக்கலாகத் தெரிந்தால்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ராத்திரி. கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். கோயில் செயலாளர் தம்பி மோட்டாரை நிறுத்திவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார்.

"அக்கா, ஈமெயில் அனுப்பியிருக்கேன். உபயகாரர் பட்டியல். நாளைக்குக் காலையில போர்டுல ஒட்டணும்."

திறந்தேன். 386 வரி. தொலைபேசி எண் இருக்கிறது, தொகை இருக்கிறது, 51 வெள்ளி, 101 வெள்ளி எல்லாம் சரியாக இருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறி. அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் ஐயர் வாயில் கேள்விக்குறிதான் வரும்.

"என் லேப்டாப்ல நல்லாத்தானே இருந்துச்சு? ஈமெயில்தான் கெடுத்துருச்சு" என்றார் தம்பி.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். வந்து சொல்பவர் ஆசிரியராக இருப்பார், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரராக இருப்பார், கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவராக இருப்பார். பழி மட்டும் எப்போதும் ஈமெயில் மேல். ஈமெயில் பாவம், அது ஒன்றும் செய்வதில்லை.

ஈமெயிலுக்கான விதிகளை 1982-இல் எழுதியபோது ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறியும் போனால் போதும் என்றுதான் நினைத்தார்கள். படமும் பிறமொழியும் போவதற்கு 1992-இல் மைம் என்ற ஏற்பாடு வந்தது. இணைப்பாகப் போகும் கோப்பை அது மூன்று மூன்று பைட்டாக (பைட் என்றால் கோப்பில் இருக்கும் ஓர் எண்) பிரித்து, ஒவ்வொரு மூன்றையும் நான்கு சாதாரண எழுத்தாக மாற்றி மூட்டை கட்டும். அந்தப் பக்கம் பிரித்தால் பழைய மூன்று பைட் அப்படியே கிடைக்கும். ஈமெயிலில் கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு ஏறித் தெரிவதற்கும் இதுதான் காரணம். ஆக, அனுப்பிய பைட்தான் வந்து சேர்கிறது. கோளாறு ஒன்று அனுப்புகிறவர் சேவ் செய்த விதத்தில், இல்லையென்றால் நாம் திறந்த விதத்தில்.

கடை வைப்பதற்கு முன் 19 வருஷம் தோட்ட ஆபீஸில் கிராணியாக இருந்தேன். அந்தக் கணக்கிலேயே சொன்னால் எனக்குச் சுலபம். முதல் டிவிஷன் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயர்ப் புத்தகத்தில், 47 என்றால் ஒருவர். இரண்டாம் டிவிஷன் செக்ரோலில் அதே 47 வேறொருவர். காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக் களத்திலிருந்து வந்த துண்டுச் சீட்டில் 47 என்று மட்டும் இருந்து, நான் தப்பான செக்ரோலை விரித்தால், பால் வெட்டியவர் ஒருவர், சம்பளம் வாங்குகிறவர் ஒருவர். எண்ணில் தப்பில்லை. எந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறோம் என்பதில்தான் தப்பு. கணினிக் கோப்புக்குள்ளும் எழுத்து கிடையாது, எண்தான். அந்தப் புத்தகத்துக்குப் பெயர் என்கோடிங்.

இப்போது உலகம் முழுக்கப் புழங்கும் புத்தகம் யூடிஎஃப்-8. அதில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'அ' என்றால் 224, 174, 133. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி ஆள், ஒவ்வொன்றுக்கும் தனியாக மூன்று. 'முருகன்' நமக்கு நாலெழுத்து, கணினிக்கு ஏழு. அதனால்தான் தம்பியின் பட்டியலில் முருகனுக்கு ஏழு கேள்விக்குறி நின்றது.

சரி, வேலைக்கு வருவோம். கிறுக்கலைப் பார்த்ததும் கை தானாக சேவ் பக்கம் போகும். போகக் கூடாது. தப்பாகத் திறந்ததை மூடிவிட்டால் கோப்புக்கு ஒரு சேதமும் இல்லை. தப்பாகத் திறந்து சேவ் செய்தால்தான் சேதம். இணைப்பை டவுன்லோட் செய்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுப் பிரதியில் மட்டும் கை வையுங்கள். அப்புறம் கிறுக்கலின் முகத்தை நன்றாகப் பாருங்கள். என்ன நடந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

அதிகம் வரும் முகம் இது: ஆங்கிலச் சின்ன 'ஏ', அதன் தலையில் ஒரு சாய்கோடு. பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', கடையில் வாங்கும் சாமான் டப்பாவில் பிராண்டு பெயருக்கு மேல் இருக்குமே, அது. இல்லையென்றால் அந்த இடத்தில் மேலே ஒரு சின்னப் படுக்கைக் கோடு. அதற்கப்புறம் ஏதோ ஒன்று. மறுபடி கோடு போட்ட 'ஏ', மறுபடி வட்ட 'ஆர்'. பக்கம் முழுக்க இதே தாளம். இதைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவேன். கோப்பு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். 224-ஐயும் 174-ஐயும் பழைய விண்டோஸ் புத்தகத்தில் பார்த்தால் அந்த இரண்டு உருவமும் கிடைக்கும். யூடிஎஃப்-8 தமிழை 1252 என்ற மேற்கத்திய எழுத்துப் பட்டியலை வைத்துப் படித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதைச் செய்கிற ஆள் பெரும்பாலும் எக்செல். சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலை, இரட்டைச் சொடுக்கில் திறந்தால், எந்த என்கோடிங் என்று அது யாரையும் கேட்காது. கணினியின் வழக்கமான பட்டியலை எடுத்துக்கொள்ளும். ஆகவே அப்படித் திறக்காதீர்கள். எக்செல்லில் வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி' என்பதை அழுத்திக் கோப்பைக் காட்டுங்கள். ஒரு முன்னோட்டம் வரும். அதன் தலையில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற பெட்டி. அதில் 65001, யூனிகோட் யூடிஎஃப்-8 என்று மாற்றியதும் தமிழ் கண் முன்னாலேயே திரும்பி வரும். அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகவே வாடிக்கையாளரைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு நிறுத்துவேன்.

அவசரப்பட்டு 'லோட்' அழுத்திவிடாதீர்கள். அதே முன்னோட்டத்தில் 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' என்று இன்னொரு பெட்டி இருக்கும். அதை 'டு நாட் டிடெக்ட்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் தொலைபேசி எண்களை எல்லாம் எக்செல் கணக்குப் போடும் எண் என்று நினைத்து முதலில் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். 012, 016 என்று தொடங்கும் நம் ஊர் எண்கள் 12, 16 ஆகிவிடும். எழுத்து சரியாக வந்த மகிழ்ச்சியில் இதை யாரும் கவனிப்பதில்லை. அன்னதானத்துக்கு ஆள் கூப்பிட டயல் செய்யும்போதுதான் தெரியும்.

எக்செல் பழசு, அந்தப் பெட்டியே இல்லை என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள். தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் 'சேவ் ஆஸ்' போய், கீழே என்கோடிங் என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8 வித் பாம்' என்பதைத் தேர்ந்தெடுத்து வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். பாம் என்றால் வெடிகுண்டு இல்லை. கோப்பின் வாசலில் வைக்கும் மூன்று பைட் அடையாளம். அதைப் பார்த்தால் எக்செல்லுக்கு இது யூடிஎஃப்-8 என்று புரிந்துவிடும், இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும் தமிழ் வரும். இன்னொரு சுருக்கு வழி, கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் ஷீட்ஸில் திறப்பது. கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். லிப்ரே ஆபீஸ் வைத்திருந்தால் கவலையே இல்லை. எந்தப் புத்தகம் வேண்டும் என்று அது கேட்டுவிட்டுத்தான் திறக்கும். நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை.

இப்போது கேள்விக்குறி. இது வேறு நோய். தமிழுக்கு இடமே இல்லாத புத்தகத்தில் தமிழை எழுதச் சொன்னால், தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வந்த கோப்பில் இருப்பது நிஜமாகவே கேள்விக்குறிதான். உள்ளே தமிழ் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.

தம்பியைக் கேட்டேன். எக்செல்லில் தட்டினாராம், 'சேவ் ஆஸ்' போனாராம், சிஎஸ்வி என்று பார்த்ததும் அழுத்திவிட்டாராம். அந்தப் பட்டியலில் சிஎஸ்வி ஒன்றுக்கு மேல் இருக்கும். வெறும் சிஎஸ்வி ஒன்று, 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' ஒன்று. வெறும் சிஎஸ்விக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சேவ் செய்த பிறகும் திரையில் தமிழ் அப்படியேதான் நிற்கும். எக்செல் தன் நினைவில் இருப்பதைக் காட்டுகிறது, வட்டில் எழுதியதைக் காட்டவில்லை. மூடித் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். 'என் லேப்டாப்ல நல்லாத்தானே இருந்துச்சு' என்று அவர் சத்தியம் செய்தது பொய்யில்லை.

"தம்பி, அந்த எக்செல்லை மூடிட்டீங்களா?"

"இல்லக்கா. லேப்டாப்ப அப்படியே மடக்கி வெச்சிட்டு வந்தேன்."

"வீட்டுக்கு போன் போடுங்க. யாரும் அதைத் தொட வேணாம்னு சொல்லுங்க."

போட்டார். தங்கச்சி அப்போதுதான் அதை எடுத்துப் பாட வேலை செய்ய உட்கார்ந்திருக்கிறாள். எக்செல்லை மூடப் போனதும் சேவ் செய்ய வேண்டுமா என்று கேட்கிற பெட்டி வந்ததாகச் சொன்னாள். 'கேன்சல் அழுத்து, கேன்சல் அழுத்து' என்று என் கடையிலிருந்து இவர் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைச் சீனப் பெரியவர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு ஓடி, திறந்திருந்த தாளை எக்செல் கோப்பாகவே சேவ் செய்து அனுப்பினார். 386 பெயரும் வந்துவிட்டன. மூடியிருந்தால் ரசீதுப் புத்தகங்களைப் பார்த்து விடிய விடியத் தட்டியிருக்க வேண்டும். யார் தட்டியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது முகம் பழைய எழுத்துரு. ஆசிரியர்கள் பத்துப் பதினைந்து வருஷத்துக் கோப்புகளை வைத்திருப்பார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் சோதனையை 2021-இல் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அதற்கான பயிற்சித் தாள்களைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வருவதில்லை. அவற்றில் தமிழ் என்று தெரிந்தது உண்மையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் வரைந்து மாட்டிய வேஷம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே போவது ஜே, கே, பி, ஓ, கூட ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்து ஆங்கில எழுத்து பல்லிளிக்கும். பார்த்ததும் கண்டுபிடிக்கலாம்: வெறும் ஆங்கில எழுத்து, சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் காரணமில்லாமல் கிடக்கும்.

பார்த்து அச்சடித்தால் போதும் என்றால் அந்த எழுத்துருவை நிறுவினால் வேலை முடிந்தது. திருத்த வேண்டும், பிறருக்கு அனுப்ப வேண்டும் என்றால் யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எண் முறைக்கு, மாற்ற வேண்டும். நான் வைத்திருப்பது என்எச்எம் கன்வர்ட்டர். இணையத்தில் செய்ய சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி. பாமினியை மாற்றும்போது முழுப் பக்கத்தையும் அள்ளிப் போடாதீர்கள். நடுவில் நிஜமான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழ்க் கூழாக்கிவிடும். ஒரு தடவை பள்ளியின் பெயர்ப் பலகையில் இருந்த ஆங்கிலச் சுருக்கம் என்னவோ மந்திரம் போல மாறி, அச்சாகியே போய்விட்டது. தாளுக்கான காசை என் கையிலிருந்து போட்டேன்.

நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பரவலாக இருந்த காலத்துக் கோப்புகள் பல டிஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங் முறையில் இருக்கும். அதன் கிறுக்கல் வேறு மாதிரி: தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும், ஆனால் அந்த 'ஏ', வட்ட 'ஆர்' தாளம் இருக்காது. டிஸ்கி ஆங்கில எழுத்தின் இடத்தைத் தொடுவதில்லை, அதனால் நடுவில் வரும் ஆங்கிலம் தப்பிக்கும். முழுப் பக்கத்தையும் தைரியமாக மாற்றலாம்.

சில கோப்பில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். பழைய முறைக் கோப்பை யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்தால் இப்படித் தெரியும். சேவ் செய்யாமல் மூடிவிட்டு, டிஸ்கி மாதிரி வேறு முறையில் திறந்து பாருங்கள். ஆனால் வைரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழுக்கு நடுவில் நின்றால் கதை வேறு. அதுதான் எனக்குப் பிடித்த நோய், இரட்டைக் கிறுக்கல்.

ஒருவர் கோப்பைத் தப்பாகத் திறக்கிறார். கோடு போட்ட 'ஏ' தெரிகிறது. அப்படியே யூடிஎஃப்-8 ஆக சேவ் செய்து, 'உங்களுக்காவது தெரிகிறதா' என்று அடுத்தவருக்கு அனுப்புகிறார். இப்போது கிறுக்கலே கோப்பின் உண்மையான உள்ளடக்கம். நோட்பேடில் திறந்தாலும் கிறுக்கல்தான். இதற்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் வேண்டும். என்கோடிங் மெனுவில் முதலில் 'கன்வர்ட் டு ஆன்சி' (ஆன்சி என்றால் அந்தப் பழைய விண்டோஸ் புத்தகம்தான்). அப்புறம் அதே மெனுவின் மேல் பகுதியில் இருக்கும் வெறும் 'யூடிஎஃப்-8'. மேலே இருப்பது படிக்கும் புத்தகத்தை மட்டும் மாற்றும், கீழே 'கன்வர்ட்' என்று தொடங்குவது பைட்டையே மாற்றி எழுதும். இரண்டையும் இடம் மாற்றி அழுத்தினால் மூன்றடுக்குக் கிறுக்கல் கிடைக்கும். தமிழ் தெரிந்ததும் 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8 பாம்', பிறகு சேவ்.

பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். வராவிட்டால் குறைவது எப்போதும் அதே நான்குதான்: புள்ளி, உகரக் கொம்பு, ஏ, ஐ. முருகன் என்பது ம, வைரம், ர, வைரம், கன, வைரம் என்று வந்து நிற்பார். ஏன் இந்த நான்கு என்று ஒரு மழை நாள் கடையில் ஆளில்லாதபோது எண்ணெண்ணாக உட்கார்ந்து பார்த்தேன். 1252 பட்டியலில் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து அறை காலி, ஆள் இல்லை. உகரக் கொம்பின் கடைசி பைட் 129. புள்ளிக்கு 141. ஏ 143, ஐ 144. காலி அறையைச் சில மென்பொருள் அப்படியே விட்டுவைக்கும், சில பெருக்கித் தள்ளிவிடும். தள்ளிவிட்டால் திரும்ப வராது. காணாமல் போனது நான்கு பேரில் ஒருவர்தான் என்று தெரிந்தால் போதும், நம் பெயர்களைக் கண்ணால் பார்த்தே நிரப்பிவிடலாம். மாரியம்மாள் எங்கே புள்ளி வைப்பார் என்று நமக்குத் தெரியாதா?

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பில் தப்பில்லை, உங்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. பக்கம் முழுக்கச் சமக் குறியும் இரண்டிரண்டு எண்ணெழுத்துமாக இருந்தால் ஈமெயில் மூட்டை அவிழாமலே வந்திருக்கிறது, உலாவியில் ஈமெயிலைத் திறந்து இணைப்பை மறுபடி டவுன்லோட் செய்யுங்கள். 'வின்மெயில் டாட்' என்ற பெயரில் இணைப்பு வந்தால் அனுப்பியவர் அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வைத்திருக்கிறார், எச்டிஎம்எல்லுக்கு மாற்றி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஜிப்புக்குள் கோப்பின் பெயர் மட்டும் கிறுக்கலாக வந்தால் பெயரை மாற்றிக்கொண்டால் போதும், உள்ளே இருப்பது பத்திரம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் அனுப்பும்போது ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறேன்.

அனுப்புகிறவர்களுக்கு என் கவுண்டரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பட்டியல் என்றால் எக்செல் கோப்பாகவே அனுப்புங்கள், சிஎஸ்விக்கு மாற்றாதீர்கள். அச்சடிக்க மட்டும் என்றால் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப். யாராவது சிஎஸ்விதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8', அதையும் மூடித் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். நோட்பேடில் எழுதுகிறவர்களுக்கு 2019-க்குப் பிந்தைய விண்டோஸில் கவலை குறைவு, அது தானாகவே யூடிஎஃப்-8 ஆக சேவ் செய்யும். அதற்கு முந்தையது என்றால் 'ஆன்சி' என்று நிற்கும், நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கோப்பின் முதல் வரியில் 'ஏ ஐ குக்' என்று தட்டிவிடுங்கள். ஏ, ஐ, உகரக் கொம்பு, புள்ளி, நான்கு பேரும் அதில் இருக்கிறார்கள். அந்த வரி ஒழுங்காகத் தெரிந்தால் கீழே இருப்பதும் ஒழுங்காகத்தான் இருக்கும். அச்சடிக்கும் முன் அதை அழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயில் தம்பியிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த மாதப் பட்டியலை அவரே அச்சடித்துப் போர்டில் ஒட்டிவிட்டார். மாலை பூஜைக்குப் போனபோது, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டியலைப் படித்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, முதல் பேரா போட்டிருக்கே, இந்த ஏ.ஐ. குக் எந்தத் தோட்டத்துத் துரை?"